லண்டனில் முதல் ராக் ஷோவுக்குப் போகிறீர்களா? டிக்கெட் எடுப்பதிலிருந்து வீடு திரும்புவது வரை

லண்டனுக்குப் படிக்க வந்த முதல் குளிர்காலத்தில், பள்ளி நாள் தொட்டு ஹெட்ஃபோனில் கேட்டு வளர்ந்த ஓர் ஆல்டர்நேட்டிவ் ராக் பேண்டை நேரில் பார்க்க டிக்கெட் எடுத்தேன். டிக்கெட் இருந்தும் அவர்களுடைய முதல் நான்கு பாட்டுகளை நான் பார்க்கவில்லை. வகுப்பு முடிந்து நேராக வந்ததால் முதுகில் லேப்டாப் பை. வாசலில் நின்ற செக்யூரிட்டி பையைத் திறக்கச் சொல்லவே இல்லை. தூரத்திலிருந்து பார்த்ததும் தலையை ஆட்டிவிட்டார். அளவு பெரிது, உள்ளே விட முடியாது, வைத்துக்கொள்ள இங்கே இடமும் இல்லை. ஃபோனில் தேடி, கால் மணி நேரம் நடந்து, ஒரு கடையில் பணம் கட்டிப் பையைப் போட்டுவிட்டு ஓடி வந்தபோது மணி ஒன்பதே கால். சுவருக்கு அந்தப் பக்கம் டிரம்ஸ் அடிப்பது நடைபாதையில் கேட்டது.

அதற்கப்புறம் முப்பது ஷோவுக்கு மேல் பார்த்துவிட்டேன். ஊரிலிருந்து புதிதாக வருகிற தம்பி தங்கைகள் ஒவ்வொருவரும் கேட்பது ஏறக்குறைய அதே கேள்விகள்தான். இந்த இரவு கெட்டுப்போவதற்கான காரணங்கள் எல்லாம் அரங்கத்துக்குள் போவதற்கு முன்பே முடிவாகிவிடுகின்றன. பை, அட்டை, ஃபோன், காது, கடைசி ரயில். இந்த ஐந்தையும் சரியாக வைத்துக்கொண்டால் மற்றதை மேடையில் இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

நான் சொல்லும் விலைகள் நான் கொடுத்தவை. வாங்கும்போது ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. பேண்டைப் பார்க்கும் முன் அரங்கத்தைப் பாருங்கள்

ஒரே பேண்டை 150 பேரோடு பார்ப்பதும் 20,000 பேரோடு பார்ப்பதும் இரண்டு வேறு அனுபவங்கள். தெற்கு லண்டனில் பிரிக்ஸ்டன் என்ற பகுதியில் விண்ட்மில் என்று ஒரு பப் இருக்கிறது. 150 பேர்தான் கொள்ளும். மேடை இடுப்பு உயரம்கூட இருக்காது. பிளாக் மிடி, பிளாக் கன்ட்ரி நியூ ரோட் போன்ற பேண்டுகள் அங்கே வாசித்துத்தான் பெயரெடுத்தார்கள். கேம்டனில் உள்ள எலெக்ட்ரிக் பால்ரூம் சுமார் 1,500 பேருக்கானது. ஓ2 அகாடமி பிரிக்ஸ்டன் ஏறக்குறைய 5,000. வடக்கு கிரீனிச்சில் இருக்கும் ஓ2 அரீனா 20,000.

முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது, முடிந்தால் முதலில் ஒரு சின்ன இடத்துக்குப் போய்ப் பாருங்கள். பத்துப் பதினைந்து பவுண்டில் முடிந்துவிடும். கூட்டம் எப்படி அசைகிறது, சத்தம் எவ்வளவு, உங்கள் உடம்பு எதைத் தாங்குகிறது என்று தெரிந்துவிடும். அதற்குப் பிறகு பிரிக்ஸ்டன் அளவுக்குப் போனால் பயமிருக்காது.

பிரிக்ஸ்டன் அரங்கத்தில் ஒரு பெரிய வசதி, கீழ்த்தளம் மேடையை நோக்கிச் சரிவாக இருக்கும். என்னைப் போல் ஐந்தடி இரண்டு அங்குலம் உள்ளவர்கள் பின்னால் நின்றாலும் மேடை தெரியும். தளம் சமமாக இருக்கும் அரங்கங்களில் முன்னால் ஆறடி ஆள் வந்து நின்றால் இரவு முழுக்க அவர் முதுகுதான். டிக்கெட் எடுக்கும் முன் அரங்கத்தின் பெயரோடு 'வியூ' என்று சேர்த்துத் தேடி, மற்றவர்கள் எடுத்த படங்களைப் பாருங்கள்.

டிக்கெட் இரண்டு வகை. கீழே நின்று பார்ப்பது 'ஸ்டாண்டிங்'. மேலே பால்கனியில் உட்கார்ந்து பார்ப்பது 'சீட்டட்'. மூன்று நான்கு மணி நேரம் நிற்க முடியாதவர்கள் தயங்காமல் பால்கனி எடுங்கள். சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கும் நிற்க இயலாதவர்களுக்கும் உட்கார்ந்து பார்க்கத் தனி மேடை உண்டு. உதவிக்கு வருபவருக்குப் பெரும்பாலும் கட்டணமில்லாமல் டிக்கெட் தருவார்கள். ஆனால் அதற்கு முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும், சான்றும் காட்ட வேண்டும். அன்று வாசலில் போய்க் கேட்டால் நடக்காது.

2. டிக்கெட் எடுப்பது

பொது விற்பனை பெரும்பாலும் வெள்ளிக்கிழமை காலை 9 அல்லது 10 மணிக்குத் தொடங்கும். அதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே 'பிரீசேல்' என்ற முன்விற்பனை நடக்கும். பேண்டின் மின்னஞ்சல் பட்டியலில் சேர்ந்திருந்தால் அதற்கான குறியீடு வரும். ஓ2 மொபைல் இணைப்பு வைத்திருப்பவர்களுக்கு ஓ2 பெயரிலுள்ள அரங்கங்களில் தனி முன்விற்பனை உண்டு. உங்கள் நண்பர்களில் யாரிடம் ஓ2 சிம் இருக்கிறது என்று விசாரித்து வையுங்கள்.

விற்பனை தொடங்க கால் மணி நேரம் முன்பே தளத்தில் உள்நுழைந்து, முகவரியும் கார்டு விவரமும் பதிந்து வைத்துவிடுங்கள். காத்திருப்புப் பக்கம் வந்த பின் 'ரிஃப்ரெஷ்' செய்யக் கூடாது. வரிசையில் உங்கள் இடம் போய்விடும்.

நம்மவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இதற்கு அடுத்தது. இந்தியக் கார்டில் பணம் கட்டினால் ஓடிபி இந்திய எண்ணுக்குப் போகும். அந்த சிம் ஏதோ டப்பாவுக்குள் கிடக்கும், அல்லது ரோமிங் இல்லாமல் இருக்கும். பக்கத்தில் ஐந்தாறு நிமிடக் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். எனக்கு ஒரு முறை இரண்டு டிக்கெட் இப்படிக் கண்முன்னே கைவிட்டுப் போயின. இங்கே கணக்குத் திறந்ததும் இங்கத்திய டெபிட் கார்டில் கட்டுங்கள். வங்கியின் செயலியைத் திறந்து பக்கத்தில் வைத்திருங்கள், ஒப்புதல் கேட்டால் உடனே அழுத்த வேண்டியிருக்கும்.

போட்டிருக்கும் விலை வேறு, கட்டும் தொகை வேறு என்பதையும் எதிர்பாருங்கள். 42.50 பவுண்டு டிக்கெட்டுக்கு எனக்குச் சேவைக் கட்டணம், அரங்கக் கட்டணம் எல்லாம் சேர்த்து 7 பவுண்டுக்கு மேல் ஏறியது. தேவை அதிகமான ஷோக்களில் டிக்கெட் விலையே மேலே போய்விடலாம். 2024-ல் ஒயாசிஸ் பேண்ட் மீண்டும் சேர்ந்தபோது, சுமார் 150 பவுண்டு என்று நினைத்து மணிக்கணக்காகக் காத்திருந்தவர்கள் முன் அதே ஸ்டாண்டிங் டிக்கெட் 350-ஐத் தாண்டிய விலையில் வந்து நின்றது. ஆகவே உட்காரும் முன்பே ஓர் உச்சவரம்பு முடிவு செய்துகொள்ளுங்கள். கடிகாரம் ஓடும்போது முடிவெடுத்தால் தவறாகத்தான் எடுப்போம்.

விற்றுத் தீர்ந்துவிட்டதா? கவலைப்படாதீர்கள். வர முடியாமல் போனவர்கள் திருப்பி விற்பார்கள். ட்விக்கெட்ஸ் போன்ற தளங்களில் அச்சிட்ட விலைக்கு மேல் விற்க முடியாது. ஷோவுக்கு முந்தைய வாரத்தில் தினமும் பாருங்கள். மேடை அமைப்பு முடிவானதும், ஒதுக்கி வைத்திருந்த டிக்கெட்டுகளைக் கடைசி சில நாட்களில் விடுவதும் உண்டு. நான் பார்த்ததில் பாதிக்குப் பாதி ஷோக்கள் இப்படிக் கடைசி வாரத்தில் கிடைத்தவைதான்.

சமூக ஊடகத்தில் முன்பின் தெரியாதவர் "என்னிடம் இரண்டு இருக்கிறது, பணத்தை அனுப்புங்கள்" என்றால் அனுப்பாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் காட்டுவார்கள். இப்போது பல டிக்கெட்டுகளில் பார்கோடு சில நொடிகளுக்கு ஒருமுறை மாறுகிறது, ஸ்கிரீன்ஷாட் செல்லாது. மாறாத பார்கோடாக இருந்தாலும் அதையே பத்துப் பேருக்கு விற்றிருக்கலாம். முதலில் வருபவர் உள்ளே போவார், மற்ற ஒன்பது பேர் வெளியே.

ஷோ ரத்தானால் டிக்கெட் விலை திரும்ப வரும். தள்ளிப்போனால் அதே டிக்கெட் புதிய தேதிக்குச் செல்லும், வேண்டாமென்றால் குறித்த நாளுக்குள் கேட்டு வாங்க வேண்டும். வேறு ஊரிலிருந்து வருகிறவர்கள் கவனிக்க வேண்டியது, ரயிலுக்கும் அறைக்கும் கொடுத்த பணத்துக்கு யாரும் பொறுப்பில்லை. ரத்து செய்யக்கூடிய அறையாகப் பாருங்கள்.

3. ஆவணங்கள்

டிக்கெட் பெரும்பாலும் ஃபோனில்தான். வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே அதைத் திறந்து ஃபோனின் வாலெட்டில் சேர்த்துவிடுங்கள். ஐயாயிரம் பேர் ஒரே தெருவில் நிற்கும்போது இணையம் ஊர்ந்துதான் வரும். சார்ஜ் முழுமையாக வேண்டும். கையடக்கமான பவர் பேங்க் ஒன்று இருந்தால் நல்லது.

ஒருவர் நான்கு பேருக்கும் சேர்த்து எடுத்திருந்தால், ஒன்று எல்லோரும் சேர்ந்து வர வேண்டும், இல்லையென்றால் முந்தைய நாளே அவரவர் கணக்குக்கு மாற்றிவிட வேண்டும். சில ஷோக்களில் எடுத்தவரே அடையாள அட்டையோடு வர வேண்டும் என்று விதி இருக்கும். மின்னஞ்சலின் அடியில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள்.

வயது விதியும் அங்கேயே இருக்கும். நின்று பார்க்கும் பகுதிக்கு 14 வயதுக்குக் குறைந்தவர்களை விடாத அரங்கங்கள் பல. 16-க்குக் கீழ் என்றால் பெரியவர் துணை கேட்பார்கள். குடும்பத்தோடு போவதாக இருந்தால் இதைப் பார்க்காமல் வாங்கவே வாங்காதீர்கள்.

அடையாள அட்டைதான் புதிதாக வந்தவர்களுக்குத் தலைவலி. மது 18 வயதுக்கு மேல்தான், ஆனால் 25-க்குக் குறைவாகத் தெரிகிற எவரிடமும் அட்டை கேட்பார்கள். இரவு ஷோ 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் என்றால் வாசலிலேயே கேட்பார்கள். பல்கலைக்கழக அட்டை, இந்திய ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட்டை எடுத்த ஃபோட்டோ, இவற்றை நம்பிப் போக முடியாது. மிச்சமிருப்பது பாஸ்போர்ட். பாஸ்போர்ட்டைப் பின்பாக்கெட்டில் வைத்துக்கொண்டு ஆயிரம் பேர் குதிக்கும் கூட்டத்துக்குள் போகாதீர்கள். தொலைந்தால் தூதரகம், போலீஸ் என்று அலைய வேண்டிவரும்.

இதற்கு வழி, பிரிட்டனின் 'புரொவிஷனல்' ஓட்டுநர் உரிமம். கார் ஓட்டத் தெரிய வேண்டியதில்லை. இந்த நாட்டில் 185 நாள் தங்க அனுமதி இருந்தால் விண்ணப்பிக்கலாம். ஆன்லைனில் 34 பவுண்டு, தபாலில் 43. நம் போன்ற வெளிநாட்டுப் பாஸ்போர்ட்காரர்கள் ஆவணத்தைத் தபாலில் அனுப்ப வேண்டிவரலாம், அப்படியானால் திரும்பி வர வாரக்கணக்கில் ஆகும். அந்த இடைவெளியில் ஊருக்குப் போக டிக்கெட் போட்டிருக்காதீர்கள். வந்து இறங்கிய முதல் மாதமே இந்த வேலையை முடித்துவிட்டால் எல்லா இடத்துக்கும் அந்த ஓர் அட்டை போதும்.

4. பை, கோட், காலணி

பல அரங்கங்களில் ஏ4 காகித அளவைத் தாண்டிய பைக்கு அனுமதியில்லை. உண்மையாகவே ஒரு ஏ4 தாளை எடுத்துப் பை மேல் வைத்துப் பாருங்கள். தாளுக்கு வெளியே பை தெரிந்தால் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். தண்ணீர் பாட்டில், டிபன் டப்பா, சென்ட் பாட்டில், லென்ஸ் மாற்றும் கேமரா, செல்ஃபி ஸ்டிக் எதுவும் வேண்டாம். ஒருமுறை எனக்கு முன்னால் நின்ற பெண் ஆசையாகக் கொண்டுவந்த எலுமிச்சை சாதத்தை டப்பாவோடு குப்பைத் தொட்டியில் போடச் சொன்னார்கள். வேறு வழியில்லாமல் அங்கேயே நின்று நாலு வாய் சாப்பிட்டுவிட்டுப் போட்டார். பக்கத்தில் நின்ற எனக்கும் ஒரு பிடி கொடுத்தார்.

கோட் பெரிய பிரச்சினை. வெளியே மூன்று டிகிரி, உள்ளே அரைமணியில் வியர்வை சொட்டும். க்ளோக்ரூமில் நான்கு ஐந்து பவுண்டுக்கு வைத்துக்கொள்வார்கள், ஆனால் ஷோ முடிந்து அதைத் திரும்ப வாங்க அரைமணி வரிசை. கடைசி ரயில் பிடிக்க வேண்டியவர்களுக்கு அந்த அரைமணி கட்டுப்படியாகாது. நான் செய்வது, உள்ளே ஒரு டி-ஷர்ட், மேலே மெல்லிய ஸ்வெட்டர், அதற்கு மேல் சுருட்டி இடுப்பில் கட்டிக்கொள்ளக்கூடிய ஜாக்கெட்.

செருப்பு வேண்டவே வேண்டாம். விரல் மூடிய, கயிறு இறுகக் கட்டிய ஷூ. தரையில் பீர் கொட்டிக் கிடக்கும், உங்கள் காலை நான்கு பேராவது மிதிப்பார்கள். நீண்ட துப்பட்டா, தொங்கும் கம்மல் வேண்டாம். கண்ணாடி போடுபவர்கள் பின்னால் ஒரு பட்டை மாட்டிக்கொள்ளுங்கள்.

5. காது

இதை மட்டும் தயவுசெய்து படித்துவிட்டுக் கடந்து போகாதீர்கள்.

மேடை ஸ்பீக்கர்களின் சத்தம் 100 டெசிபல் வரை சாதாரணமாகப் போகும். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் தாங்கும் காது, 100 டெசிபலில் கால் மணி நேரம்தான் பத்திரமாகத் தாங்கும். ஒவ்வொரு மூன்று டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறைந்துகொண்டே வரும். நீங்கள் அங்கே நிற்கப்போவது மூன்று மணி நேரம். மை பிளடி வேலண்டைன் பேண்ட் 2008-ல் லண்டன் ரவுண்ட்ஹவுஸில் வாசித்தபோது வந்தவர்களுக்கு இயர்பிளக் கொடுத்தே உள்ளே விட்டார்கள். இசைப்பவர்களே அப்படிச் சொல்லும்போது நாம் வீம்பு பிடிக்க ஒன்றுமில்லை.

மருந்துக் கடையில் ஐந்து பவுண்டுக்குள் பஞ்சு போன்ற இயர்பிளக் ஒரு பாக்கெட் கிடைக்கும். விரலில் மெல்லிய திரியாக உருட்டி, மறு கையால் காது மடலை மேலே இழுத்து, உள்ளே விட்டு, விரிந்து அடைக்கும் வரை அரை நிமிடம் பிடித்துக்கொள்ள வேண்டும். வெறுமனே காதின் வாசலில் செருகினால் பயனில்லை. அடிக்கடி போவதாக இருந்தால் இருபது முப்பது பவுண்டில் இசைக்கென்றே செய்த ஃபில்டர் வைத்த இயர்பிளக் வாங்குங்கள். சத்தம் குறையும், பாட்டு மங்காது. பாடுபவரின் வார்த்தைகள் அது இருக்கும்போதுதான் எனக்குத் தெளிவாகக் கேட்கின்றன.

முதல் ஷோ முடிந்த இரவு என் காதில் 'கொய்ங்' என்று ஒரு சத்தம் இரண்டு நாள் நிற்கவில்லை. அது திரும்பத் திரும்ப நடந்தால் ஒரு நாள் நிற்காமலே போய்விடும். குழந்தைகளைக் கூட்டிப்போனால் தலைக்கு மேல் மாட்டும் காதுக்கவசம் கட்டாயம்.

6. எத்தனை மணிக்குப் போவது

டிக்கெட்டில் 'டோர்ஸ் 7' என்று போட்டிருக்கும். அது கதவு திறக்கும் நேரம், பேண்ட் மேடையேறும் நேரமில்லை. வழக்கமாக ஏழரைக்கோ எட்டுக்கோ முதல் சப்போர்ட் பேண்ட், அதாவது முக்கிய பேண்டுக்கு முன்னால் வாசிப்பவர்கள், வரும். சில நாள் இரண்டு சப்போர்ட். நீங்கள் பார்க்க வந்தவர்கள் ஒன்பது மணி வாக்கில் வந்து, ஒன்றரை மணி நேரம் போல வாசிப்பார்கள். பதினொன்றுக்குள் எல்லாம் முடிய வேண்டும் என்பது அரங்கத்துக்கான கட்டுப்பாடு, ஞாயிறு என்றால் இன்னும் முன்னதாகவே. சரியான நேரப்பட்டியலை அன்று மதியம் பேண்டோ அரங்கமோ இன்ஸ்டாகிராமில் போடும்.

முன்வரிசைக் கம்பியைப் பிடிக்க வேண்டுமென்றால் நான்கு மணிக்கே வந்து வரிசையில் நிற்பவர்கள் உண்டு. அதற்கு ஆசைப்படாதவர்களுக்கு ஏழே கால் நல்ல நேரம். முதல் நெரிசல் உள்ளே போயிருக்கும், சப்போர்ட் பேண்டும் தவறாது. சப்போர்ட்டைத் தவறவிடாதீர்கள். இன்று எனக்கு மிகப் பிடித்த இரண்டு பேண்டுகளை நான் அப்படித்தான் கண்டுபிடித்தேன்.

டிக்கெட் இல்லாமல் 'வாசலில் பார்த்துக்கொள்ளலாம்' என்று போகாதீர்கள். 2022 டிசம்பரில் பிரிக்ஸ்டன் அரங்க வாசலில் ஏற்பட்ட நெரிசலில் இருவர் இறந்தார்கள். அரங்கம் 2024 ஏப்ரலில்தான் மறுபடி திறந்தது. வாசலில் இப்போது கெடுபிடி அதிகம், அது நல்லதுக்குத்தான்.

சாப்பிட்டுவிட்டுப் போங்கள். உள்ளே கிடைப்பது கொஞ்சம், சைவத்துக்குச் சிப்ஸைத் தவிர எதுவும் இல்லாமல் போகலாம். வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம் என்றால், வெளியேறியவர்களைத் திரும்ப விடமாட்டார்கள்.

7. உள்ளே

முதலில் கழிப்பறை எங்கே, அவசர வழி எங்கே என்று பார்த்துவையுங்கள். நண்பர்கள் பிரிந்தால் சந்திக்க ஓர் இடம் பேசிக்கொள்ளுங்கள். ஃபோன் வேலை செய்யும் என்று நம்ப முடியாது. ராக் பாடகர் ஜாக் வைட் போன்ற சிலருடைய ஷோக்களில் ஃபோனைப் பூட்டிய உறைக்குள் போட்டுத்தான் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

நல்ல சத்தம் கேட்க வேண்டுமென்றால், அரங்கத்தின் நடுவே பின்பக்கமாக ஒலி இயக்குபவர் உட்கார்ந்திருக்கும் மேசைக்கு முன்னால் போய் நில்லுங்கள். அவர் காதுக்குக் கேட்பதை வைத்துத்தான் எல்லாவற்றையும் சரிசெய்கிறார். உயரம் குறைந்தவர்களுக்கும் அங்கே சாய ஒரு தடுப்பு கிடைக்கும்.

தண்ணீருக்குக் காசு கொடுக்காதீர்கள். இங்கிலாந்தில் மது விற்க உரிமம் உள்ள இடம் கேட்டால் குழாய்த் தண்ணீர் இலவசமாகத் தர வேண்டும், சட்டமே அப்படி. பாட்டில் வாங்கினால் மூடியை எடுத்துவிட்டுத்தான் தருவார்கள். பீர் ஒரு பைன்ட் (அரை லிட்டருக்குச் சற்று மேல்) ஏழு எட்டு பவுண்டு. பல அரங்கங்களில் ரொக்கம் வாங்குவதில்லை.

சப்போர்ட் பேண்ட் இறங்கியதும் அரைமணி இடைவெளி. எல்லோரும் பாருக்குப் போகும் நேரம். நான் போகமாட்டேன். கறுப்பு உடுத்த நாலைந்து பேர் மேடையில் குனிந்தபடி நடமாடுவார்கள். ஒருவர் கிடார்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆறு தந்தியையும் மெதுவாகத் தட்டி, காதருகே சாய்ந்து கேட்டு, ஸ்டாண்டில் வைப்பார். இன்னொருவர் டிரம்ஸைக் காலால் ஒரு தட்டு, ஒலி மேசையைப் பார்த்துக் கட்டைவிரல், மறுபடி ஒரு தட்டு. கடைசியாக ஒருவர் வந்து மைக் காலடியில் ஒரு தாளை வைத்துக் கறுப்பு டேப்பால் நான்கு மூலையும் ஒட்டுவார். அன்றைய பாட்டுப் பட்டியல் அது. அதை ஒட்டிவிட்டார்கள் என்றால் பத்து நிமிடத்தில் விளக்கு அணையும்.

அணைந்ததும் வரும் முதல் டிரம் அடி காதில் விழுவதற்கு முன் நெஞ்சுக்கூட்டில் இறங்கும். ஹெட்ஃபோனில் பத்து வருடம் கேட்டாலும் அது தெரியாது.

எதிர்பார்ப்பைப் பற்றி ஒன்று. நம் ஊர் மெல்லிசைக் கச்சேரி போல நேயர் விருப்பம் இருக்காது. புது ஆல்பத்திலிருந்துதான் நிறைய வாசிப்பார்கள். உங்களுக்குப் பிடித்த பழைய பாட்டு வராமலே போகலாம். பிக்சீஸ் போன்ற பேண்டுகள் பாட்டுகளுக்கு நடுவே பேசவே மாட்டார்கள், அது அகந்தை இல்லை, அவர்கள் பாணி. 'நன்றி, இரவு வணக்கம்' என்று உள்ளே போனதும் கிளம்பிவிடாதீர்கள். அரங்க விளக்கு எரியாமல் இருந்தால் திரும்ப வந்து இரண்டு மூன்று பாட்டு வாசிப்பார்கள். விளக்கு பளிச்சென்று எரிந்தால்தான் முடிந்தது.

படம் எடுப்பதா? ஒரு பாட்டுக்கு எடுங்கள், நெஞ்சுயரத்தில் பிடித்து எடுங்கள். பின்னால் இருப்பவரும் காசு கொடுத்து வந்தவர்தான்.

8. கூட்டம் குதிக்கும்போது

தேர்த்திருவிழா நெரிசலில் வளர்ந்தவர்களுக்குக் கூட்டம் புதிதல்ல. இங்கே புதிது, வேண்டுமென்றே மோதிக் குதிக்கும் 'மாஷ் பிட்'. வேகமான பாட்டு தொடங்கும் முன் மேடைக்கு முன்னால் நடுவில் கூட்டம் தானாக விலகி ஒரு வட்டம் திறக்கும். அதைப் பார்த்தால், வேண்டாதவர்கள் உடனே பக்கவாட்டில் நகருங்கள். பின்னால் நகர முயன்றால் முடியாது, ஆட்கள் அழுத்திக்கொண்டிருப்பார்கள். பக்கவாட்டுச் சுவர் அருகே எப்போதும் காற்று இருக்கும்.

உள்ளே மாட்டிக்கொண்டால் இரண்டு கைகளையும் குத்துச்சண்டைக்காரர் போல நெஞ்சுக்கு முன் மடக்கி வையுங்கள், மூச்சுக்கு இடம் இருக்கும். அலையை எதிர்த்துத் தள்ளாதீர்கள். அது ஓயும் கணத்தில் குறுக்காக ஓரிரு அடி நகருங்கள், அடுத்த ஓய்வில் இன்னும் இரண்டு அடி. கீழே விழுந்த பொருளைக் குனிந்து எடுக்கவே கூடாது.

நான் ஒருமுறை விழுந்தேன். முழங்கால் தரையைத் தொட்டதும் இரண்டு பக்கமும் அக்குளில் கைகள் நுழைந்து தூக்கின. முன்னால் நின்ற ஒரு பெரிய ஆள் முதுகை வளைத்து எனக்கு மேலே வந்தவர்களைத் தடுத்தபடி நின்றார். "சரியா இருக்கியா?" என்று கேட்டார், தலையாட்டியதும் திரும்பக் குதிக்கப் போய்விட்டார். சில நிமிடம் கழித்து என் இடது ஷூ தலைகளுக்கு மேலே கைமாறி வந்தது. விழுந்தவரைத் தூக்குவதுதான் அந்த வட்டத்தின் முதல் விதி. நீங்களும் செய்யுங்கள்.

மயக்கமாக வந்தால் வெட்கப்படாமல் முன்வரிசைக் கம்பிக்கு அப்பால் நிற்கும் செக்யூரிட்டியிடம் கை நீட்டுங்கள். அவர்களே தூக்கி வெளியே எடுத்துத் தண்ணீர் கொடுப்பார்கள். யாராவது தொந்தரவு செய்தால் பாரில் போய் "ஏஞ்சலா இருக்கிறாரா?" என்று கேளுங்கள். லண்டனில் பல இடங்களில் அது உதவி கேட்பதற்கான சங்கேதம். காரணம் கேட்காமல் உங்களைத் தனியே அழைத்துப்போய் வண்டியும் பிடித்துக் கொடுப்பார்கள். பெண்கள் தனியாகப் போகலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், போகலாம், நான் போகிறேன்.

9. மொத்தம் எவ்வளவு

கடைசியாகப் போனதில் டிக்கெட் கட்டணங்களோடு ஏறக்குறைய 50 பவுண்டு. முன்னதாகச் சாப்பிட்டது 9. க்ளோக்ரூமில் கோட் வைத்தால் 4. போக வர 6. ஆக சுமார் 70. உள்ளே பேண்ட் விற்கும் டி-ஷர்ட் வாங்கினால் அது தனியாக 35. சட்டை வாங்குவதாக இருந்தால் உள்ளே நுழைந்ததும் வாங்குங்கள், முடிந்த பின் போனால் உங்கள் அளவு இருக்காது. வெளியே நடைபாதையில் பத்துப் பவுண்டுக்கு விற்பவை போலி. பேண்டுக்கு அதில் ஒரு காசும் போகாது.

10. வீடு திரும்புவது

பிரிக்ஸ்டன் அரங்கத்தில் ஷோ முடிந்ததும் எல்லோரும் பிரிக்ஸ்டன் சுரங்க ரயில் நிலையத்துக்கே போவார்கள். கூட்டம் அதிகமானால் வாசலை மூடி மூடித் திறப்பார்கள். அங்கே போகாதீர்கள். அரங்கம் இருப்பதே ஸ்டாக்வெல் ரோட்டில்தான். கூட்டத்துக்கு எதிர்த்திசையில் அதே ரோட்டில் பதினைந்து இருபது நிமிடம் நடந்தால் ஸ்டாக்வெல் நிலையம். விக்டோரியா லைன், நார்தர்ன் லைன் என்ற இரண்டு சுரங்க ரயில் பாதைகளும் அங்கே உண்டு, டூட்டிங் பக்கம் இருக்கும் நம்மவர்களுக்கு ரயில் மாற வேண்டியதே இல்லை. வெள்ளி, சனி இரவுகளில் இரண்டு லைனும் விடிய விடிய ஓடும். மற்ற நாட்களில் கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று மதியமே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

பஸ்ஸில் ரொக்கம் வாங்கமாட்டார்கள். கார்டைத் தொட்டால் 1.75 பவுண்டு, ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறினாலும் அதே கட்டணம். ரயிலில் ஏறும்போது ஃபோனைக் காட்டினால் இறங்கும்போதும் ஃபோனையே காட்ட வேண்டும், கார்டைக் காட்டினால் இரண்டு தடவை பிடிப்பார்கள். ஃபோன் அணைந்துவிட்டால் என்பதற்காக ஒரு கார்டைத் தனியே ஷூவுக்குள் வைத்திருக்கிறேன்.

நனைந்த டி-ஷர்ட்டோடு குளிர்க்காற்றில் நடந்தால் மறுநாள் ஜுரம்தான். அரங்கக் கழிப்பறையிலேயே ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு வெளியே வாருங்கள். நான் டூட்டிங்கில் இறங்கும் நேரத்துக்குத் தோசைக்கடைகள் எல்லாம் மூடியிருக்கும், பசி மட்டும் அப்போதுதான் ஆரம்பிக்கும். கிளம்பும் முன் ஒரு கிண்ணம் தயிர்சாதம் பிசைந்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் போங்கள்.